இரண்டு டம்ளர் குழாய்த் தண்ணீர்

இதைப் போன மாதமே எழுதியிருக்க வேண்டும். கொஞ்சம் வெட்கமாக இருந்ததால் தள்ளிப்போட்டுவிட்டேன். இப்போது பேரனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்க தாத்தா, ஆனா சரியா எழுதுங்க" என்று சொல்லியிருக்கிறான். தொழில்நுட்ப விவரம் வருகிற இடங்களை அவன் படித்துத் திருத்தியும் கொடுத்தான். அப்படியும் பிழை இருந்தால் அது என்னுடையது.

மகள் வயிற்றுப் பேரன் எங்களோடு தங்கி இங்கே பாண்டியில் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறான். படிப்போடு ஒரு சிறு வருமானமும் உண்டு. வீடு கட்டுகிறவர்களின் வரைபடத்தை, கட்டி முடித்த வீட்டைப் போட்டோ எடுத்தது போலப் படமாக்கித் தருவான். ஒரு படத்துக்குக் கம்ப்யூட்டர் இராத்திரி முழுக்க ஓட வேண்டும். அதற்காகச் சென்னையில் ஒருவரிடம் பழைய மெஷின் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கி வந்தான். பக்கவாட்டில் கண்ணாடி போட்ட பெட்டி. உள்ளே எட்டிப் பார்த்தால் விரல் தடிமனில் குழாய்கள், ஒரு மூலையில் சின்னக் கண்ணாடித் தொட்டி, அதில் நீல நிறத் தண்ணீர்.

"என்னப்பா இது, ஐ.சி.யூ.வில் படுத்திருக்கிற நோயாளி மாதிரி?"

"வாட்டர் கூலிங் தாத்தா. உங்க அம்பாசடர் கார்ல ரேடியேட்டர் இருந்துச்சுல்ல, அதேதான்."

அம்பாசடர் எங்கள் வீட்டில் எப்போதும் இருந்ததில்லை. ஆபீஸ் ஜீப்தான் எனக்குத் தெரியும். ஆனால் விஷயம் புரிந்தது. ஒரு பம்ப், ஒரு தொட்டி, காற்றாடி வைத்த ஒரு ரேடியேட்டர், பிறகு பிராசஸர் தலைமேல் திருகி வைத்த உள்ளங்கை அளவு செம்புக் கட்டி ஒன்று. அந்தக் கட்டிக்கு வாட்டர் பிளாக் என்று பெயர். தண்ணீர் அதற்குள் நுழைந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, ரேடியேட்டரில் போய்க் கொட்டிவிட்டுத் திரும்பி வருகிறது.

நான் 33 வருடம் குடிநீர் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். ஒரு வால்வைக்கூடக் கையால் திருப்பியது கிடையாது. ஆனால் தண்ணீரைப் பற்றிய காகிதம் எத்தனையோ என் மேசையைக் கடந்து போயிருக்கிறது. ஆகவே தண்ணீர் விஷயத்தில் எனக்குக் கருத்துச் சொல்ல உரிமை உண்டு என்று ஒரு நினைப்பு. முதல் நாளே சொன்னேன்: "பம்ப் இவ்வளவு வேகமாக ஓடக் கூடாதுப்பா. தண்ணீர் மெதுவாகப் போனால்தானே சூட்டை உறிஞ்ச நேரம் கிடைக்கும்?"

அவன் சிரிக்கவில்லை, அதுதான் அவன் நல்ல குணம். நாட்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். பிராசஸர் 200 வாட் சூடு கக்குகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 4 லிட்டர் தண்ணீர் ஓடினால், உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் வித்தியாசம் வெறும் 0.7 டிகிரி. வேகத்தைக் குறைத்து நிமிடத்துக்கு 1 லிட்டர் ஆக்கினால் வித்தியாசம் 3 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். அப்போது தண்ணீர் "அதிகம் உறிஞ்சிவிட்டது" என்று தோன்றும். உண்மையில் உறிஞ்சியது அதே 200 வாட்தான். குறைந்த தண்ணீரில் ஏறியதால் அதிகம் சுடுகிறது, அவ்வளவே. தண்ணீர் சூட்டால் நிரம்பி வழிவது இங்கே பிரச்சினையே இல்லை.

"பின்னே எதுதான் பிரச்சினை?"

"செம்பை ஒட்டிக்கிட்டு நிக்கிற தண்ணி, தாத்தா."

இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு நாள் ஆனது. சிறு வயதில் குளத்தில் குளித்தவர்களுக்கு உடனே புரியும். மார்கழிக் காலையில் கழுத்தளவு தண்ணீரில் அசையாமல் நின்றால் கொஞ்ச நேரத்தில் குளிர் விட்டுப்போகும். உடம்பை ஒட்டிய தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாகி ஒரு போர்வை போல நின்றுவிடுகிறது. கையை அசைத்தால் போர்வை கலைந்து மறுபடி சில்லென்று ஏறும். வாட்டர் பிளாக்கில் நடப்பதும் இதுவே. குழாயின் நடுவில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தாலும் சுவரை ஒட்டிய மெல்லிய படலம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சூடு அதைக் கடந்துதான் நடுத் தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டும். செம்பு வெப்பத்தைக் கடத்தும் அளவு சுமார் 400 என்றால், அதே அளவுகோலில் தண்ணீர் 0.6 தான். அசையாமல் நிற்கும் 0.1 மில்லிமீட்டர் தண்ணீர், 6 சென்டிமீட்டருக்கும் மேல் தடித்த செம்புக் கட்டிக்குச் சமமான தடை. இந்தக் கணக்கை நானே இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

சூடு என்றால் எவ்வளவு சூடு என்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டு இஸ்திரிப் பெட்டி 1000 வாட் என்று வைத்துக்கொண்டால், அதன் அடித்தகடு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். பிராசஸர் என்ற அந்தச் சில்லு இரண்டு சதுர சென்டிமீட்டரில் 150 வாட் கக்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 75 வாட். இஸ்திரிப் பெட்டியைப் போலப் பதினைந்து மடங்கு! ஆனால் அது 90 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வகை வாட்டர் பிளாக்கின் கதை வீட்டுக் கொல்லைப்புறங்களில் தொடங்கியது. 1990-களின் கடைசியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆர்வக்கோளாறு பிடித்த பையன்கள், கார் ஹீட்டரிலிருந்து கழற்றிய ரேடியேட்டரையும் மீன் தொட்டி பம்பையும் வைத்துக்கொண்டு, செம்புக் கட்டியில் டிரில் போட்டுத் தண்ணீர் ஓட்டினார்கள். நாலு துளை, இரண்டு குழாய். பிறகு கட்டிக்குள் பாம்பு போல வளைந்து வளைந்து போகும் வாய்க்காலைக் கடைந்தார்கள். தண்ணீர் அதிக தூரம் செம்பைத் தொட்டுக்கொண்டு போகும் என்பது எண்ணம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாய்க்கால் அகலமாக இருந்ததால் நடுவில் ஓடும் தண்ணீர் செம்பைத் தொடாமலே போய்விட்டது. தவிர, சில்லு இருப்பது நடுவில் மட்டும். வாய்க்காலில் பெரும் பகுதி சூடே இல்லாத ஓரங்களில் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்து வந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒட்டி நிற்கும் படலம்தானே பகை? அதை நேராக அடித்துக் கிழித்துவிடு. பூவாளியின் முகம் போன்ற ஒரு தட்டைச் செம்புக்கு மேலே வைத்து, பல சிறு துளைகள் வழியாகத் தண்ணீரைச் செங்குத்தாகப் பீய்ச்சினார்கள். ஒவ்வொரு தாரைக்கும் கீழே செம்பில் சின்னக் குழி. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஓர் ஆர்வலர் இந்த வழியில் செய்த பிளாக்குகள் 2003-ஐ ஒட்டிய வருடங்களில் பெரிய கம்பெனிகள் செய்ததைவிட நன்றாக வேலை செய்தன என்று பேரன் கொஞ்சம் பக்தியோடு சொன்னான்.

கடைசியாக, இன்று வரை நிலைத்திருக்கும் வடிவம் வந்தது. செம்பின் மேல் சீப்புப் பல் போல மெல்லிய இதழ்கள், இடையே 0.2, 0.3 மில்லிமீட்டர் இடைவெளி. மூன்று நான்கு தலைமுடி அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு குறுகிய சந்தில் தண்ணீர் எங்கே இருந்தாலும் ஏதாவது ஒரு சுவருக்கு வெகு பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். நடுவில் நழுவிப் போக இடமே கிடையாது. படலத்தைக் கிழிப்பதற்குப் பதிலாக, படலத்துக்கு அப்பால் தண்ணீரே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால் இது புதிதே இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டக்கர்மன், பீஸ் என்ற இருவர் 1981-லேயே செய்து காட்டிவிட்டார்கள். சிலிக்கான் துண்டின் முதுகிலேயே 0.05 மில்லிமீட்டர் அகலச் சந்துகளை வெட்டித் தண்ணீர் விட்டார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் சூட்டை, 71 டிகிரி ஏற்றத்துக்குள் இழுத்துவிட்டது. மேலே நான் சொன்ன 75 வாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது கடைக்கு வர இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. இவ்வளவு மெல்லிய இதழ்களைச் செம்பில் மலிவாகச் செய்ய வழி வேண்டுமே!

அந்த வழியைக் கேட்டதும் என் தாத்தாவின் பட்டறை ஞாபகம் வந்தது. அவர் தச்சர். இழைப்புளியால் பலகையை இழைத்தால் சீவல் சுருண்டு எழுந்து விழும். இங்கே செம்புக் கட்டியைக் கூரான உளி போன்ற ஓர் அலகால் சீவுகிறார்கள், ஆனால் முழுக்கச் சீவி எடுத்துவிடுவதில்லை. சீவல் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே நிமிர்த்தி நிறுத்திவிட்டு, அலகு அடுத்த சீவலுக்குப் போகிறது. இப்படியே நூறு இதழ். பற்றவைப்பு இல்லை, சேதாரம் இல்லை, இதழும் அடித்தகடும் ஒரே செம்பு.

இங்கே ஒரு சிக்கல். அதைப் பேரன் சொல்வதற்கு முன்னால் நானே சொன்னேன் என்பதில் எனக்குச் சின்னப் பெருமை. "சந்தைக் குறுக்கினால் தண்ணீர் போகாதே?"

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். அறுபதுகளில் எங்களுக்கு இயற்கை அறிவியல் எடுத்த முசே, இரத்த ஓட்டம் நடத்தும்போது புவாஸேய் என்ற பெயரைக் கரும்பலகையில் எழுதினார். புவாஸேய் ஒரு பிரெஞ்சு மருத்துவர். நுண்ணிய நாளங்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள, முடி போன்ற கண்ணாடிக் குழாய்களில் திரவத்தை விட்டு வருடக்கணக்கில் அளந்தவர். 1840-களில் அவர் வெளியிட்ட விதி: குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பாதி ஆகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். நாலாம் படி. முசே "பதினாறு!" என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸால் மேசையைத் தட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. (இரண்டு வருடத்துக்கு முன் என் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது டாக்டர் படம் போட்டு விளக்கினார். அப்போதும் முசேதான் நினைவுக்கு வந்தார்.)

சீப்பு போன்ற சந்துகளுக்கு நாலாம் படி இல்லை, மூன்றாம் படி என்று பேரன் திருத்தினான். இடைவெளியைப் பாதியாக்கினால் ஒரு சந்தில் ஓட்டம் எட்டில் ஒன்று. சந்துகளின் எண்ணிக்கை இரட்டிப்பாவதால் மொத்தத்தில் நாலில் ஒன்று. எப்படியானாலும் பம்புக்கு மூச்சு முட்டும்.

இதற்குக் கண்ட தீர்வைத்தான் இந்த விஷயத்தில் ஆகச் சிறந்த புத்தி என்பேன். குடிநீர்ப் பிரிவில் இருந்தவன் என்பதால் எனக்கு அது கூடுதலாகப் புரிந்தது. நீளமான தெருவின் ஒரு முனையில் தண்ணீரை விட்டால் கடைசி வீட்டுக்குச் சொட்டுதான் வரும். தெருவின் நடுவில் இணைப்புக் கொடுத்து இரு பக்கமும் பிரித்துவிட்டால்? பிளாக்கிலும் அப்படியே செய்தார்கள். இதழ்களுக்கு மேலே ஒரு மூடி, மூடியின் நடுவில் ஒரே ஒரு நீளக் கீற்று. தண்ணீர் அந்தக் கீற்று வழியாக, சூடு அதிகமுள்ள நடுவில் தாரையாக இறங்கி, இடமும் வலமுமாகப் பிரிந்து சந்துகளில் ஓடி, ஓரங்களில் வெளியேறுகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதித் தண்ணீர், பாதித் தூரம். ஆகவே தேவைப்படும் அழுத்தம் நாலில் ஒரு பங்கு. பூவாளித் தாரை, மெல்லிய சந்து இரண்டின் நன்மையும் ஒன்றாகக் கிடைத்தது. இதற்கப்புறம் வந்ததெல்லாம் இதன்மேல் செய்த செப்பனிடுதல்தான் என்பது என் அபிப்பிராயம். பேரன் ஒப்புக்கொள்ள மாட்டான்.

அவன் சொல்லும் செப்பனிடுதல்களையும் சொல்லிவிடுகிறேன். அடித்தகடு தடித்தால் சூடு மேலே வர நேரமாகும். மெலிந்தால் சூடு பக்கவாட்டில் பரவி ஓர இதழ்களை எட்டாது, தகடும் வளையும். எனவே நடுத்தரமாக ஓர் அளவு. பிராசஸரின் உலோக மூடி தட்டையாக இருப்பதில்லை என்பதால், நடுவில் அழுத்தம் விழட்டும் என்று அடித்தகட்டைக் கண்ணுக்குத் தெரியாத அளவு குவித்து விடுகிறார்கள். 2019-க்குப் பிறகு ஏ.எம்.டி. கம்பெனியின் பல பிராசஸர்களில் ஒரே சில்லுக்குப் பதில் இரண்டு மூன்று சில்லுகள், அதிலும் சுடுகிற சில்லு நடுவில் இல்லை, ஓரத்தில். நடுக் கீற்று சூடில்லாத இடத்தில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது! பிளாக்கையே சில மில்லிமீட்டர் தள்ளி மாட்டும் சட்டங்கள் பிறகு வந்தன. அதிலேயே சில டிகிரி குறைந்தது.

செம்புக்குள் சூடு பரவும் கணக்கு ஃபூரியே என்பவருடையது என்று பேரன் சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவரும் பிரெஞ்சுக்காரர், அதைவிட முக்கியம், அரசு உத்தியோகஸ்தர். நெப்போலியன் காலத்தில் கிரெனோபிளில் இருந்துகொண்டு இஸேர் மாவட்டத்தை நிர்வகித்தவர். பகலில் பூர்குவான் சதுப்பு நிலங்களை வடிய வைக்கும் வேலையும் ரோடு போடும் வேலையும் பார்த்துக்கொண்டே வெப்பத்தின் கணக்கையும் போட்டு வந்தார். அந்தப் புத்தகம் 1822-இல் வந்தது. ஃபைல் பார்த்துக்கொண்டே இப்படியும் ஒருவர்! நாங்கள் மதியம் பேப்பர் படித்தோம்.

எங்கள் ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த நாளை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. அதற்கென்று கண்ணாடித் தடுப்புப் போட்டு ஏ.சி. வைத்தார்கள். நாங்கள் கடகடக்கும் மின்விசிறிக்குக் கீழே. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மே மாதத்தில் யாராவது ஒருவர் "டேட்டா சரிபார்க்க" உள்ளே போய் ஒரு மணி நேரம் திரும்ப மாட்டார். அந்தப் பெட்டி உண்மையில் நான் போடும் சட்டையைவிடக் குறைவாகத்தான் சுட்டிருக்கும். ஆனால் அதற்கு முன்பே, 1980-இல், ஐ.பி.எம். தன் பெரிய மெஷின்களில் நூற்றுக்கும் மேற்பட்ட சில்லுகளை ஒரே தட்டில் வைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஸ்பிரிங் வைத்த உலோக உருளையை அழுத்தி, இடையே ஹீலியம் வாயுவை நிரப்பி, மேலே தண்ணீர் ஓட்டியிருக்கிறார்கள்.

நம்ப முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது. ஐ.பி.எம்.மும் சூரிச் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து 2010-இல் ஆக்வாசார் என்ற பெரிய கம்ப்யூட்டரை ஓட்டின. அதில் பிராசஸரைக் குளிர்விக்க உள்ளே விட்ட தண்ணீரின் சூடு 60 டிகிரி. நாம் குளிக்கக்கூட விளாவாமல் ஊற்ற முடியாத வெந்நீர்! சில்லு 85 டிகிரி வரை தாங்கும். பிளாக்கின் தடை மிகக் குறைவாக இருந்தால் 60 டிகிரித் தண்ணீரே போதும். வெளியே வந்த வெந்நீர் அங்கிருந்த கட்டடங்களைச் சூடாக்கப் போயிற்று. பிளாக் நன்றாக அமைந்தால் தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டிய தேவையே இல்லை என்று அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. வட பிரான்ஸில் ரூபே என்ற ஊரில், ஒரு காலத்தில் நம் ஊர் மாதிரியே நெசவாலைகள் இருந்த ஊர், ஓ.வி.எச். என்ற கம்பெனி 2003 முதலே தன் சர்வர்களைத் தண்ணீரால் குளிர்விக்கிறது. பிளாக்கையும் தானே வடிவமைக்கிறது. அதைப் பிரெஞ்சில் படித்துப் பேரனுக்கு நான் சொன்னேன். இந்த விஷயத்தில் நான் அவனுக்குச் சொன்ன புதுச் செய்தி அது ஒன்றுதான்.

இனி வெட்கப்பட்ட விஷயம்.

மே மாதம், கத்திரி வெயில். பேரன் காரைக்காலில் ஒரு கல்யாணத்துக்கு நாலு நாள் போனான். ஒரு கட்டடக்காரரின் வேலை மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. "தாத்தா, தொட்டியில கோடு போட்டிருக்கேன். அதுக்குக் கீழே போச்சுன்னா இந்த பாட்டில்ல இருக்கிற டிஸ்டில்ட் வாட்டரை மட்டும் ஊத்துங்க." மட்டும் என்ற சொல்லை அழுத்தித்தான் சொன்னான். இரண்டாம் நாள் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் இல்லை என்று விளக்கு எரிந்தது. அந்த பாட்டிலை எடுத்து அதில் ஊற்றிவிட்டேன். மூன்றாம் நாள் தொட்டியில் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. கடைக்குப் போக வெயில் பயம். குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து ஊற்றினேன். தெளிவான தண்ணீர்தானே, குடிக்கிற தண்ணீர்தானே! அடுத்த வாரம் அவன் காலேஜில் இருந்தபோது மறுபடி கொஞ்சம் இறங்கியிருந்தது. மறுபடி ஒரு டம்ளர். அவனிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றுகூட இல்லை. சொல்லும்படியான விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை.

கடினத்தன்மை, குளோரைடு, கரைந்துள்ள மொத்த உப்பு என்று பரிசோதனை அறிக்கைகளை எத்தனை நூறு முறை டைப் அடித்திருப்பேன். கடலோர ஊர்த் தண்ணீரில் என்ன இருக்கும் என்று என் விரல்களுக்குத் தெரியும். மூளைக்கு எட்டவில்லை.

ஒரு மாதம் கழித்து மெஷின் திணற ஆரம்பித்தது. முன்பு 70 டிகிரியில் நின்றது இப்போது 90-ஐத் தாண்டியது. அவ்வளவு சுட்டால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓர் இரவில் முடிகிற படம் இரண்டு பகலும் ஓர் இரவும் எடுத்தது. பேரன் தெர்மல் பேஸ்டை மாற்றினான், காற்றாடியைத் துடைத்தான். ஒரு வேலையைச் சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியவில்லை. அந்தக் கட்டடக்காரர் அடுத்த வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார். பம்ப்தான் போய்விட்டது என்று முடிவு செய்து, சேர்த்து வைத்திருந்த பணத்தில் எட்டாயிரம் ரூபாய்க்குப் புதுப் பம்ப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு தடவை பிளாக்கைத் திறந்து பார்த்துவிடலாம் என்று ஓர் இரவு பேப்பரை விரித்து உட்கார்ந்தோம்.

மூடியைக் கழற்றியதும் இதழ்கள் தெரிந்தன. தெரிந்தன என்று சொல்வது தவறு. நடுக் கீற்றுக்கு நேர் கீழே, ஒரு விரல் அகலத்துக்கு, சந்துகளே தெரியவில்லை. வெள்ளையும் பச்சையுமாக ஒரு பக்கு. நீலத் திரவத்தில் இருந்த மருந்தோடு நம் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்து சேர்ந்து திரிந்து, தொட்டியின் அடியில் கிடந்த பொடியோடு மிகக் குறுகிய இடத்தில் வந்து அடைத்துக்கொண்டிருக்கிறது. பழைய காலத்து அகலமான பாம்பு வாய்க்காலாக இருந்தால் இதெல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும். 0.3 மில்லிமீட்டர் சந்து நல்ல வடிகட்டியும்கூட.

பேரன் லென்ஸ் வைத்துப் பார்த்தான். முகம் சிவந்தது. "இது குழாய்த் தண்ணி தாத்தா. வித்தவன் ஏமாத்திட்டான். நாளைக்கு அவனுக்கு போன் போடுறேன்."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் சும்மா இருந்தேன். விற்றவர் யாரோ, முகம் தெரியாதவர். இரண்டு திட்டு வாங்கிக்கொண்டு போனை வைத்துவிடுவார். என் வீட்டில் என் மரியாதை அப்படியே இருக்கும். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவர் இல்லப்பா. நான்தான். ரெண்டு டம்ளர்."

அவன் லென்ஸைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஊத்தினப்பவே சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே கழுவி விட்டிருப்பேன் தாத்தா" என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சத்தம் கேட்டு எழுந்து வந்த என் மனைவி, "செம்புன்னா புளி போட்டுத் தேய்க்க வேண்டியதுதானே, இதுக்கா ரெண்டு பேரும் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள். புளியில் நார் இருக்கும், அது வேறு போய் அடைத்துக்கொள்ளும் என்று பேரன் பயந்தான். கொள்கை சரிதான், புளிப்பு வேண்டும். வினிகரை டிஸ்டில்ட் வாட்டரில் கலந்து ஊற வைத்து, மெல்லிய பல் துலக்கும் பிரஷ்ஷால் இதழ்களின் திசையிலேயே மெதுவாகத் தேய்த்தோம். குறுக்கே தேய்த்தால் இதழ் மடங்கிவிடும். எனக்குக் கை நடுங்கும் என்பதால் டார்ச் பிடிக்கும் வேலை. ஊறியபின் பக்கு இளகி வந்தது. கழுவித் துடைத்து விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தபோது, சந்துகள் எல்லாம் நேர் கோடுகளாகத் தெரிந்தன. எங்கள் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்குக்குக்கூட அப்படி ஒரு பளபளப்பு வந்ததில்லை.

திரும்பப் பூட்டி, புதுத் திரவம் ஊற்றியபின், பம்பை மட்டும் 24 மணி நேரம் தனியாக ஓடவிட வேண்டுமாம். ஒவ்வொரு இணைப்புக்குக் கீழேயும் டிஷ்யூ காகிதத்தை மடித்து வைத்து, எங்காவது ஈரம் தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அவனுக்கு மறுநாள் பரீட்சை. "நீ படு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு டார்ச்சைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

ஈஸிசேரைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மணிக்கு ஒரு தடவை எழுந்து குனிந்து ஒவ்வொரு காகிதத்தையும் தொட்டுப் பார்த்தேன். விடிகாலையில் ஒன்று லேசாக ஈரமாக இருப்பது போலத் தெரிந்து நெஞ்சு திக்கென்றது. என் விரல் வியர்வைதான். காலை ஆறு மணிக்கு அவன் எழுந்து வந்து கேட்டபோது ஆறு காகிதமும் உலர்ந்தே இருந்தன.